தங்கம் வாங்கிய சிலைகள் எங்கே?

ஓடி ஜெயித்தவனுக்குத் தங்கப் பதக்கம். ஓடுகிறவனைச் சிலையாகச் செய்தவனுக்கும் தங்கப் பதக்கம்!

இது கற்பனை அல்ல. ஒலிம்பிக் பந்தயத்தில் இப்படி ஒரு காலம் இருந்தது. 1912-ம் ஆண்டு முதல் 1948-ம் ஆண்டு வரை நடந்த ஏழு ஒலிம்பிக் பந்தயங்களில் கலைஞர்களும் போட்டியிட்டார்கள். கட்டிடக் கலை, இலக்கியம், இசை, ஓவியம், சிற்பம் என்று ஐந்து பிரிவுகள். எல்லாமாகச் சேர்த்துச் சுமார் 150 பதக்கங்கள் வழங்கப்பட்டன.

இன்று அந்தப் பதக்கங்கள் கணக்கில் இல்லை. எந்த நாட்டுக்கு எத்தனை தங்கம் என்று பட்டியல் போடும்போது, கலைப் பதக்கங்களை ஒதுக்கிவிடுகிறார்கள். பதக்கம் வாங்கிய சிலைகளோ திசைக்கு ஒன்றாகச் சிதறிவிட்டன. சில வீதியில் நிற்கின்றன. சில பொருட்காட்சி சாலையில் இருக்கின்றன. சில தனி மனிதர்களின் அலமாரியில் இருக்கின்றன. பல சிலைகள் இருக்கும் இடமே தெரியவில்லை.

பதக்கம் கொடுத்தவர்கள் பதக்கத்தை மறக்கலாமா? கூடாது. அதற்குக் காரணங்கள் இருக்கின்றன.

பிரபுவின் ஆசை

ஒலிம்பிக் பந்தயத்துக்கு மறு உயிர் கொடுத்தவர் பியர் டி கூபர்த்தேன். பிரான்சு நாட்டுப் பிரபு. உடல் வலிமையும் உள்ளத்தின் அழகும் ஒன்றாக வளர வேண்டும் என்பது அவருடைய ஆசை. பழைய கிரேக்க நாட்டில் வீரனும் சிற்பியும் ஒரே திருவிழாவில் கூடினார்கள். இப்போது மட்டும் ஏன் கூடக்கூடாது என்று அவர் கேட்டார்.

1906-ம் ஆண்டு மே மாதம் பாரிஸ் நகரில் ஒரு மாநாடு கூட்டினார். கலைப் போட்டி வைப்பது என்று அங்கே முடிவாயிற்று. 1908-ல் ரோம் நகரில் நடக்க இருந்த பந்தயம் லண்டனுக்கு மாறியது. ஏற்பாடு செய்ய நேரம் போதவில்லை. ஆகவே, 1912-ல் ஸ்டாக்ஹோம் நகரில்தான் முதல் கலைப் போட்டி நடந்தது.

நிபந்தனை எளிமையானது. படைப்பு புதியதாக இருக்க வேண்டும். விளையாட்டைப் பற்றியதாக இருக்க வேண்டும். அவ்வளவுதான்!

அந்த ஆண்டு இலக்கியத்தில் தங்கம் வாங்கிய கவிதை, "விளையாட்டுக்கு ஒரு வாழ்த்து." எழுதியவர்கள் என்று இரண்டு பெயர்கள் அச்சாகியிருந்தன. பிறகுதான் உண்மை தெரிந்தது. இரண்டு பெயரும் புனைபெயர்! எழுதியவர் வேறு யாரும் அல்ல, கூபர்த்தேன் பிரபுவேதான்!

துப்பாக்கி பிடித்த கை

சிற்பத்தில் அந்த ஆண்டு தங்கம் வாங்கியவரின் கதை இன்னும் சுவையானது. அவர் பெயர் வால்ட்டர் வினான்ஸ். பிறந்தது ரஷ்யாவில். தாய்நாடு அமெரிக்கா. வாழ்ந்தது பெரும்பாலும் இங்கிலாந்தில்.

வினான்ஸ் குறி பார்த்துச் சுடுவதில் கெட்டிக்காரர். 1908-ம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில், ஓடும் மான் பொம்மையைச் சுடும் போட்டியில் தங்கம் வாங்கினார். 1912-ல் அதே வகைப் போட்டி ஒன்றில், அமெரிக்கக் குழுவோடு சேர்ந்து வெள்ளி வாங்கினார். அதே பந்தயத்தில் ஒரு வெண்கலச் சிலையையும் அனுப்பியிருந்தார். சிறிய வண்டியை இழுத்துக்கொண்டு குதிரை ஒன்று துள்ளி நடக்கும் சிலை அது. சுமார் 20 அங்குல உயரம், மேஜைமேல் வைக்கலாம். பெயர், "அமெரிக்கப் பந்தயக் குதிரை." அதற்குத் தங்கம்!

விளையாட்டிலும் கலையிலும் பதக்கம் வாங்கியவர்கள் உலகத்தில் இரண்டே பேர். ஒருவர் வினான்ஸ். மற்றவர் ஹங்கேரி நாட்டு ஆல்பிரட் ஹாயோஷ். அவர் 1896-ல் நீச்சலில் இரண்டு தங்கம் வாங்கினார். 28 ஆண்டுகள் கழித்து, 1924-ல், விளையாட்டு அரங்கத்துக்கு வரைபடம் போட்டுக் கட்டிடக் கலையில் வெள்ளி வாங்கினார்.

வினான்ஸ் 1920-ல் இறந்தார். எப்படி? குதிரை வண்டிப் பந்தயத்தில், வண்டி ஓட்டிக்கொண்டிருந்தபோதே! எதைச் சிலையாக வடித்தாரோ, அதிலேயே உயிரை விட்டார்.

இப்போது கேள்வி. வினான்ஸ் வாங்கிய இரண்டு தங்கத்தில் ஒன்று கணக்கில் இருக்கிறது. ஒன்று இல்லை. துப்பாக்கி பிடித்த கைக்கு மரியாதை. உளி பிடித்த கைக்கு இல்லை. இரண்டும் ஒருவருடைய கைதானே?

டாக்டர் செய்த சிலை

கனடா நாட்டில் பிறந்த ராபர்ட் டெய்ட் மெக்கன்சி ஒரு டாக்டர். அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் உடற்பயிற்சித் துறையின் தலைவராக இருந்தார். ஓடும்போது தசை எப்படி முறுக்கேறும்? மூச்சு முட்டும்போது முகம் எப்படிச் சுருங்கும்? இதை மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். வாயால் சொன்னால் விளங்கவில்லை. ஆகவே, சிலையாகச் செய்து காட்டினார்!

கடும் முயற்சி, மூச்சுத் திணறல், களைப்பு, சோர்வு என்று வீரனின் முகம் மாறுவதைத் தனித்தனி முகங்களாகச் செய்தார். பல விளையாட்டு வீரர்களின் உடலை அளந்து, அந்த அளவுகளை வைத்து ஓட்டக்காரனின் சிலை செய்தார். அவருடைய சிலைகளில் மருத்துவம் பாதி, கலை பாதி.

1912-ல் அவர் செய்த "முயற்சியின் இன்பம்" என்ற வட்ட வடிவச் சிற்பத்தில், மூன்று இளைஞர்கள் தடை தாண்டி ஓடுகிறார்கள். அது ஸ்டாக்ஹோம் விளையாட்டு அரங்கத்தின் சுவரில் பதிக்கப்பட்டது. 1932-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில், "வீரர்களின் கேடயம்" என்ற படைப்புக்காக அவர் வெண்கலப் பதக்கம் பெற்றார். முதல் உலக யுத்தத்தில் காயம்பட்ட சிப்பாய்களுக்கு, கை கால் வழங்கச் செய்யும் பயிற்சி கொடுத்த டாக்டரும் இவர்தான்.

இப்படிப்பட்ட மனிதரின் பெயர் எத்தனை விளையாட்டு ரசிகர்களுக்குத் தெரியும்?

வெட்டவெளியில் வட்டு வீரன்

1924-ல் பாரிஸ் ஒலிம்பிக்கில் சிற்பத்துக்குத் தங்கம் வாங்கியவர் கிரேக்க நாட்டு கோஸ்டாஸ் டிமிட்ரியாடிஸ். சிலையின் பெயர், "பின்லாந்து வட்டு வீரன்." வட்டை எறியப் போகும் ஆடவனின் உருவம்.

அந்தச் சிலையின் ஒரு வார்ப்பு ஏதென்ஸ் நகரில், பழைய விளையாட்டு அரங்கத்துக்கு எதிரே நிற்கிறது. இன்னொரு வார்ப்பு நியூயார்க் நகருக்குப் போயிற்று. அங்கே முதலில் ஒரு பொருட்காட்சி சாலையின் அருகே நின்றது. பிறகு 1936-ல், ராண்டால்ஸ் தீவில் கட்டிய விளையாட்டு அரங்கத்துக்கு மாற்றப்பட்டது. அங்கே அதற்குக் கெட்ட காலம் பிடித்தது. போக்கிரிகள் சிலையின் கையை ஒடித்தார்கள். வட்டு போயிற்று. வட்டு வீரன் முடவன் ஆனான்! அதன்பின் சிலையை எடுத்துச் செப்பனிட்டு, 1999-ல் திரும்பவும் நிறுத்தினார்கள்.

வெட்டவெளியில் வைத்தால் போக்கிரிகள் ஒடிக்கிறார்கள். வீட்டில் வைத்தால் ஊர் பார்க்க முடியவில்லை. இந்தச் சங்கடம் எல்லாச் சிலைக்கும் உண்டு. ஆனால், கை ஒடிந்த சிலைக்கு மறு கை வைக்க முடிந்தது. எதனால்? அதன் பெயர் தெரியும். செய்தவர் தெரியும். இன்னொரு வார்ப்பு ஏதென்சில் இருக்கிறது. பெயரும் ஊரும் தெரியாத சிலை உடைந்தால், யார் வந்து ஒட்டவைப்பார்கள்?

1928-ல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் "குத்துச்சண்டைக்காரன்" சிலைக்குத் தங்கம் பெற்றவர் பிரான்சு நாட்டுச் சிற்பி பால் லாண்டவ்ஸ்கி. அடுத்த மூன்று ஆண்டில் அவர் புகழ் உலகமெல்லாம் பரவிற்று. பிரேசில் நாட்டில், ரியோ நகரத்து மலை உச்சியில், இரு கைகளையும் விரித்து நிற்கும் இயேசுநாதர் சிலையை உருவாக்கியவர் அவர்தான். அது 1931-ல் திறக்கப்பட்டது. அந்தச் சிலையைப் படத்திலாவது பார்க்காதவர்கள் குறைவு. அதே கை செய்த குத்துச்சண்டைக்காரனை அறிந்தவர்களோ மிகக் குறைவு!

விற்றால் குற்றமா?

ஆம்ஸ்டர்டாமில் கலைப் படைப்புகளை நகரத்தின் பொருட்காட்சி சாலையில் வைத்தார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்ட படைப்புகள் வந்தன. கண்காட்சி முடிந்ததும், கலைஞர்கள் தங்கள் படைப்புகளை விற்றுக்கொள்ளலாம் என்று அனுமதி கொடுத்தார்கள்.

இங்கேதான் தகராறு தொடங்கியது.

அந்தக் காலத்தில் ஒலிம்பிக் பந்தயத்தில் ஒரு கண்டிப்பான விதி உண்டு. விளையாட்டினால் பணம் சம்பாதிக்கிறவர்கள் கலந்துகொள்ளக் கூடாது. அமெச்சூர்கள் மட்டுமே வரலாம். ஓட்டக்காரன் காசு வாங்கக் கூடாது என்றால், சிற்பி மட்டும் சிலையை விற்கலாமா என்று சிலர் கேட்டார்கள்.

கேள்வி நியாயம்போலத் தோன்றும். சற்று யோசித்துப் பார்த்தால் சாயம் வெளுத்துவிடும். பகலில் வேலைக்குப் போய், மாலையில் ஓடிப் பழகலாம். ஓடுவதற்குச் செருப்பும் மைதானமும் போதும். சிலை செய்வதற்கு வெண்கலம் வேண்டும். உலை வேண்டும். வார்ப்பட ஆட்களுக்குக் கூலி கொடுக்க வேண்டும். ஒரு சிலையை விற்றால்தான் அடுத்த சிலை செய்யலாம். விற்காத சிற்பி என்றால், ஒன்று பெரும் பணக்காரர். அல்லது பட்டினி கிடப்பவர்!

ஆனாலும், விதியே வென்றது. 1948-ல் லண்டன் ஒலிம்பிக் முடிந்த பிறகு, 1949-ல் ரோம் நகரில் கூடிய ஒலிம்பிக் குழுவின் முன் ஓர் அறிக்கை வைக்கப்பட்டது. போட்டியிடும் கலைஞர்கள் ஏறக்குறைய அனைவரும் தொழில்முறைக் கலைஞர்கள். ஆகவே பதக்கம் வேண்டாம், கண்காட்சி மட்டும் போதும் என்றது அறிக்கை. சில ஆண்டுகள் இழுபறி நடந்தது. 1954-ல் முடிவு உறுதியாயிற்று. கலைப் பதக்கத்தின் கதை முடிந்தது.

இரண்டு மனம்

கலைஞர்களுக்குப் பதக்கம் கூடாது என்று சொன்னவர்களில் முன்னால் நின்றவர் அமெரிக்கர் ஏவரி பிரண்டேஜ். 1952 முதல் 1972 வரை ஒலிம்பிக் குழுவின் தலைவராக இருந்தவர்.

வேடிக்கை என்ன தெரியுமா? அவரே 1932-ல் ஒலிம்பிக் இலக்கியப் போட்டியில் கலந்துகொண்டார். அமெச்சூர் விளையாட்டின் பெருமை பற்றி ஒரு கட்டுரை அனுப்பினார். பதக்கம் கிடைக்கவில்லை, பாராட்டு மட்டும் கிடைத்தது.

அதைவிடப் பெரிய வேடிக்கை இன்னொன்று. பிரண்டேஜ் பெரிய கலைப்பொருள் சேகரிப்பாளர்! 1936-ல் லண்டனில் சீனக் கலைக் கண்காட்சி ஒன்றைப் பார்த்தார். அன்று பிடித்த மோகம் கடைசிவரை விடவில்லை. ஆசிய நாடுகளின் சிலைகளையும் ஓவியங்களையும் பாத்திரங்களையும் வாங்கிக் குவித்தார். அவர் கொடுத்த பொருட்களைக் கொண்டுதான் சான்பிரான்சிஸ்கோ நகரில் 1966-ல் ஆசியக் கலைப் பொருட்காட்சி சாலை திறக்கப்பட்டது. அவர் தந்தவை 7,700-க்கு மேல்!

பழைய சிலைகளை அன்போடு காத்தார். ஆனால், தம் கண் முன்னே சிலை செய்த சிற்பிகளைக் காசுக்கு வேலை செய்கிறவர்கள் என்று ஒதுக்கினார். அவர் வாங்கிய பழைய சிலைகளைச் செய்தவர்களும் கூலிக்கு உழைத்தவர்கள்தானே? கூலி வாங்கியதால் அந்தச் சிலைகளின் அழகு குறைந்துவிட்டதா?

அந்த விதி என்ன ஆயிற்று? விளையாட்டுக்காரர்களுக்கே அது நீங்கிவிட்டது! 1992-ல் பார்சலோனா ஒலிம்பிக்கில், கோடிக்கணக்கில் சம்பாதிக்கும் அமெரிக்கக் கூடைப்பந்து வீரர்கள் ஆடித் தங்கம் வாங்கினார்கள். யாரும் தடுக்கவில்லை.

ஜிம் தார்ப் கதையையும் நினைத்துப் பார்க்கலாம். அமெரிக்காவின் செவ்விந்தியர் குலத்தில் பிறந்தவர். 1912-ல் ஸ்டாக்ஹோமில் இரண்டு தங்கம் வாங்கினார். அதே போட்டிகளில் பிரண்டேஜும் கலந்துகொண்டு தோற்றார். முன்பு சொற்பக் காசுக்குப் பேஸ்பால் ஆடினார் என்ற குற்றத்துக்காக, 1913-ல் தார்ப்பின் பதக்கங்களைப் பறித்தார்கள். 1953-ல் அவர் இறந்தார். 1982-ல்தான் பதக்கங்களைத் திருப்பித் தர ஒலிம்பிக் குழு இசைந்தது. 2022-ல், அவர் ஒருவரே முதல்வர் என்று ஏட்டில் எழுதியது. 110 ஆண்டுகள் கழித்து நீதி கிடைத்தது!

காசு வாங்கினார் என்ற குற்றம் தார்ப்புக்கு நீங்கிவிட்டது. அதே குற்றம் சிற்பிகளுக்கு மட்டும் ஏன் நீங்கவில்லை?

இந்தியர் வாங்கிய வெள்ளி

இந்தக் கணக்கில் ஓர் இந்தியரும் இருக்கிறார்.

சிந்தாமணி கர் 1915-ல் வங்காளத்தில் காரக்பூரில் பிறந்தவர். கல்கத்தாவில் சிற்பம் கற்றார். பாரிஸ் போய் மேலும் பயின்றார். பிறகு லண்டனில் தங்கித் தொழில் செய்தார். 1948-ல் லண்டன் ஒலிம்பிக்கில் அவர் செய்த சிலைக்கு வெள்ளிப் பதக்கம் கிடைத்தது. பனிச்சறுக்கு ஆட்டக்காரர் மான்போலத் துள்ளும் நிலையைக் காட்டும் சிலை அது. அந்த ஆண்டு தங்கம் வாங்கியவர் சுவீடன் நாட்டு குஸ்டாப் நோர்டால்.

அதே ஒலிம்பிக்கில், ஆகஸ்டு 12-ந் தேதி, சுதந்திர இந்தியாவின் ஹாக்கிக் குழு பிரிட்டனை 4-0 என்று தோற்கடித்துத் தங்கம் வாங்கியது. நாடே கொண்டாடியது. ஆனால், சிந்தாமணி கர் கலந்துகொண்டது பிரிட்டன் சார்பில்! ஆகவே, இந்தியாவின் கணக்கில் அவர் பெயர் வராது. கலைப் பதக்கம் என்பதால் பிரிட்டனின் கணக்கிலும் சேராது. வெள்ளி வாங்கியும் வீடு இல்லாத பதக்கம்!

1956-ல் அவர் தாயகம் திரும்பினார். கல்கத்தா அரசாங்கக் கலைக் கல்லூரியின் முதல்வர் ஆனார். 1974-ல் பத்மபூஷண் விருது பெற்றார். 2005-ல் காலமானார். அவர் குடியிருந்த பகுதியில் உள்ள பறவைகள் சரணாலயம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பறவைகளுக்குத் தெரிந்த பெயர், பதக்கப் பட்டியலுக்குத் தெரியவில்லை.

ஒரு சிலை, பல வார்ப்பு

சிலை சேகரிப்பவர்கள் இந்தச் சிற்பங்களைத் தேடி அலைகிறார்கள். காரணம் என்ன? பல சிற்பங்கள் சிறியவை, வீட்டில் வைக்கலாம். பெயர் பெற்ற பந்தயத்தின் நினைவும் அதில் இருக்கிறது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. சுவாமிமலையில் விக்கிரகம் வார்ப்பதைப் பார்த்தவர்களுக்கு எளிதில் விளங்கும். மெழுகில் உருவம் செய்வார்கள். அதன்மேல் மண் பூசுவார்கள். சூடாக்கினால் மெழுகு உருகி ஓடிவிடும். அந்த இடத்தில், உருக்கிய உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறியதும் மண்ணை உடைத்தால் விக்கிரகம்! ஒரு மெழுகுக்கு ஒரு விக்கிரகம். மறுபடி வேண்டுமானால், முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

ஐரோப்பாவில் வேறு வழக்கம். சிற்பி முதலில் களிமண்ணில் உருவம் செய்வார். அதிலிருந்து அச்சு எடுத்து வைத்துக்கொள்வார். அந்த அச்சைக் கொண்டு ஒன்றுக்கு மேற்பட்ட சிலைகள் வார்க்கலாம். பிரான்சு நாட்டு விதிப்படி, 8 வார்ப்புகளும், சிற்பி தமக்கென எடுக்கும் 4 வார்ப்புகளும் ஆக 12 மட்டுமே மூலச் சிலை ஆகும். அதற்கு மேல் எடுத்தால் வெறும் நகல்.

போலியும் உண்டு. வெண்கலச் சிலையிலிருந்தே அச்சு எடுத்து, வேறு சிலை வார்த்து விற்கும் ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால், உலோகம் அவர்களைக் காட்டிக்கொடுத்துவிடும்! வெண்கலம் ஆறும்போது சற்றுச் சுருங்கும். ஆகவே, போலிச் சிலை மூலச் சிலையைவிடக் கொஞ்சம் சிறுத்திருக்கும். முகத்திலும் விரலிலும் கூர்மை மழுங்கியிருக்கும். அளவு தெரிந்தவரை ஏமாற்ற முடியாது.

அளவு தெரிய வேண்டுமானால், மூலச் சிலையின் அளவு எங்கேயாவது எழுதியிருக்க வேண்டும் அல்லவா? ஏழு ஒலிம்பிக்கில் பதக்கம் வாங்கிய சிலை ஒவ்வொன்றுக்கும் படம், அளவு, இருக்கும் இடம் எல்லாம் குறித்து எவரும் பார்க்கும்படி ஏடு இருந்தால், போலிக்காரன் பிழைக்க முடியாது.

எதிர்ப்பேச்சு

கலையை அளக்க முடியுமா என்று சிலர் கேட்பார்கள். ஓட்டத்துக்குக் கடிகாரம் உண்டு. தாண்டுதலுக்கு அளவு நாடா உண்டு. சிலைக்கு என்ன உண்டு?

நியாயமான கேள்விதான். அந்நாளிலும் நடுவர்கள் குழம்பியிருக்கிறார்கள். 1924-ல் கட்டிடக் கலையில் யாருக்கும் தங்கம் கொடுக்கவில்லை. ஹாயோஷ் வாங்கிய வெள்ளிதான் அந்தப் பிரிவில் முதல் இடம்! ஆனால், உயரத்திலிருந்து தண்ணீரில் குதிக்கும் போட்டிக்கும் கடிகாரம் இல்லை. ஜிம்னாஸ்டிக் விளையாட்டுக்கும் அளவு நாடா இல்லை. நடுவர்கள் கண்ணால் பார்த்துத்தான் மதிப்பெண் போடுகிறார்கள். அந்தப் பதக்கங்களை யாரும் கணக்கிலிருந்து நீக்கவில்லையே!

பெரிய கலைஞர்கள் பலர் போட்டிக்கு வரவில்லை. வந்த படைப்புகள் பல சாதாரணமானவை என்றும் சொல்வார்கள். அதுவும் ஓரளவு உண்மை. ஆனால், 1896-ல் ஓடியவர்கள் இன்றைய பள்ளி மாணவர்களிடம்கூடத் தோற்றுப்போகலாம். அதற்காக அவர்கள் பதக்கத்தைப் பிடுங்குகிறோமா? அன்றைய களத்தில் அன்று ஜெயித்தவனே வீரன்.

1936-ம் ஆண்டு பெர்லின் சிலைகளைப் பற்றித்தான் தயக்கம் வரும். அது ஹிட்லர் ஆட்சியில் நடந்த ஒலிம்பிக். சிற்பத்தில் வெள்ளி வாங்கியவர்களில் ஒருவர் ஆர்னோ பிரேக்கர். பிறகு ஹிட்லரின் மாளிகைக்கே சிலைகள் செய்து கொடுத்தவர். அவருடைய வீரன் சிலை இன்றும் பெர்லின் ஒலிம்பிக் வளாகத்தில் நிற்கிறது. அதை உடைக்க வேண்டுமா? வேண்டாம். மூடி மறைக்க வேண்டுமா? அதுவும் வேண்டாம். யார் செய்தார், யாருக்காகச் செய்தார் என்ற உண்மையைப் பலகையில் எழுதிப் பக்கத்தில் வைக்க வேண்டும். கெட்ட காலத்தின் சிலையும் பாடம் சொல்லும். பெயர் இல்லாத சிலைதான் எதையும் சொல்லாது.

செய்ய வேண்டியது என்ன?

கலைப் போட்டியை மறுபடி தொடங்க வேண்டும் என்று அடம்பிடிக்கத் தேவை இல்லை. காலம் மாறிவிட்டது. ஆனால், மூன்று காரியங்கள் செய்யலாம்.

முதலாவது: பட்டியலில் பெயர். ஒலிம்பிக் குழு தன் கையால் கொடுத்த பதக்கம் அது. விளையாட்டுப் பதக்கத்தோடு கூட்ட வேண்டாம் என்றால், பக்கத்திலேயே தனிப் பத்தி போடட்டும். 1948-ல் செதுக்கு ஓவியத்துக்கு வெள்ளி வாங்கிய பிரிட்டன் கலைஞர் ஜான் கோப்ளிக்கு அப்போது வயது 73. ஒலிம்பிக் பதக்கம் வாங்கியவர்களில் அவரே மிகவும் முதியவர்! கலைப் பதக்கம் கணக்கில் இல்லாததால், அந்தப் பெருமை 72 வயதில் பதக்கம் வாங்கிய துப்பாக்கி வீரருக்குப் போகிறது. துப்பாக்கிக்காரருக்கும் குறைவில்லாமல், கிழவர் கோப்ளிக்கும் ஒரு வரி இடம் கொடுக்கலாம்.

இரண்டாவது: தேடுதல். சுவிட்சர்லாந்தில் லோசான் நகரில், ஒலிம்பிக் பொருட்காட்சி சாலை 1993 முதல் இருக்கிறது. அதன் தோட்டத்தில் சிலைகள் நிற்கின்றன. பணமும் ஆளும் உள்ள இடம் அது. பதக்கம் வாங்கிய சிலைகளைத் தேடி, எல்லோரும் பார்க்கும்படி முழு ஏடு தயாரிக்க அதனால் முடியும். தேடினால் பயன் உண்டு. 1924-ல் ஓவியத்துக்கு வெள்ளி வாங்கிய ஜாக் யேட்சின் நீச்சல் போட்டிப் படத்தை அயர்லாந்து நாடு தன் தேசியக் கலைக்கூடத்தில் வைத்திருக்கிறது. அந்த நாட்டின் முதல் ஒலிம்பிக் பதக்கம் அதுதான் என்று பெருமையோடு சொல்கிறது. ஒரு சிறிய நாடு தன் படத்தைக் காக்க முடிந்தால், உலகக் குழுவால் முடியாதா?

மூன்றாவது: சேகரிப்பவர்களின் கடமை. அவர்களைத் திட்டுவது தவறு. கொடுத்தவர்கள் மறந்தபோது, துடைத்துப் பாதுகாத்தவர்களில் அவர்களும் உண்டு. ஆனால், காசு கொடுத்து வாங்கியது வெண்கலத்தைத்தான். அதன் வரலாற்றை அல்ல. வரலாறு எல்லோருக்கும் சொந்தம். சிற்பியின் பெயர், ஆண்டு, யாரிடமிருந்து வந்தது என்பதை எழுதி வைக்க வேண்டும். கண்காட்சிக்குக் கேட்டால் இரவல் தர வேண்டும். பிள்ளைகள் வந்து பார்க்க ஆண்டுக்கு ஒரு நாளாவது கதவைத் திறக்க வேண்டும்.

பார்க்க ஆள் வருமா என்ற சந்தேகம் வேண்டாம். 1932-ல் லாஸ் ஏஞ்சல்சில் ஒலிம்பிக் கலைக் கண்காட்சியைப் பார்த்தவர்கள் 3,84,000 பேர்! உலகமே பணமுடையில் தவித்த ஆண்டு அது. அப்போதே அத்தனை பேர் வந்தார்கள்.

ஓட்டம் சில விநாடியில் முடிந்துவிடும். ஓடியவனும் ஒரு நாள் மூப்பு அடைந்து மறைவான். அந்த வேகத்தைப் பிடித்து நிறுத்தி, பேரன் பேத்திகளுக்கும் காட்டுவது சிலைதான். பழைய கிரேக்கச் சிற்பி மைரன் செய்த வட்டு வீரன் உலகப் புகழ் பெற்றது. அந்த மூல வெண்கலம் என்றோ அழிந்துவிட்டது. ரோமாபுரியில் யாரோ ஆசைப்பட்டுக் கல்லில் நகல் செய்து வீட்டில் வைத்தார்கள். அதனால்தான் இன்று அதன் அழகு தெரிகிறது. 2,400 ஆண்டுகளுக்கு முன் செய்த சிலையே ஆசைப்பட்டவர்களால் பிழைத்தது. சுமார் நூறு ஆண்டு வயதுள்ள சிலைகளைத் தொலைத்துவிட்டு நிற்பது, பதக்கம் கொடுத்த கைக்கு அழகு அல்ல.